தலையில் அடி, லேசான குழப்பம்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ரெஜினாவை எந்தக் காலத்தில் யார் அசையாமல் கிடக்க விட்டார்கள், இன்றைக்குத்தான் வாய்த்தது, அதுவும் மகள் படிக்கிற கான்வென்ட் மைதானத்தில், யார் வீட்டு ஜமுக்காளத்திலோ, நெற்றி நிறையத் தக்காளி சாஸோடு. ரத்தமாம். சாரணியர் கைடுப் பிள்ளைகளுக்குத் தலைவியான கேப்டன் மிஸ் கரண்டியால் அள்ளி அப்பிவிட்டுப் போயிருந்தாள், அந்த அம்மாள் வீட்டில் யாருக்கும் விரல்கூட நறுக்குப்பட்டதில்லை போல, ரத்தம் இப்படியா கெட்டியாக, இனிப்பு வாடையோடு இருக்கும், எறும்பு வரும், இதோ வந்துவிட்டது, காதோரமாக ஒன்று ஏறுகிறது, தட்டிவிட்டால் ஷெரினுக்கு மார்க் போய்விடும். பதின்மூன்று வயசுப் பெண்ணின் சட்டைக் கையில் தைத்துக்கொள்ள வட்டமாக ஒரு துணி, ஆம்புலன்ஸ் பேட்ஜ், அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு நோயாளியைக் கொண்டுவர வேண்டுமாம், நாங்களும் கால் ஒடிந்தும் பாம்பு கடித்தும் தீக்காயம் பட்டும் வரிசையாக மரத்தடியில் விழுந்து கிடக்கிறோம், வெள்ளம் வடிந்த மாதிரி. நெஞ்சில் ஊக்கு குத்தி ஓர் அட்டை. படுப்பதற்கு முன்பே படித்துவிட்டாள். தலையில் அடி, லேசான குழப்பம், கேள்விகளுக்குத் தவறான பதில் சொல்லவும். படித்ததும் சிரித்தாள், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு தடவை படித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தவள், மேலே பார்த்தாள். மேலே முழுக்க மரம். இந்த மரத்தின் பேர் என்ன.

வரும், பதறக் கூடாது, நேராகப் பார்த்தால் ஓடிவிடும், வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்தால் தானே வந்து உட்காரும், இதெல்லாம் இப்போது பழகிவிட்டது. ஐந்தாம் கிளாஸிலிருந்து பன்னிரண்டுவரை இந்தப் பள்ளியில் இதே மரத்தடியில் மதியச் சாப்பாடு, இதன் காயைப் பொறுக்கி, கறுப்பாக, பிசுபிசுவென்று, உள்ளே வெல்லம் மாதிரி இருக்கும், அதைச் சப்பிவிட்டு யூனிஃபார்மில் துடைத்து சிஸ்டரிடம் அடி வாங்கியவள். பூ பவுடர் போடுகிற பஞ்சு மாதிரி, இளஞ்சிவப்பாக. சாயங்காலம் ஆனால் இலையெல்லாம் கை கூப்பிக்கொள்ளும். பைபின்னேட், கூட்டிலை, சிஸ்டர் போர்டில் சாக்பீஸ் கிறீச்சிட எழுதியது அப்படியே இருக்கிறது, பைபின்னேட் இருக்கிறது, காயின் ருசி இருக்கிறது, பேர் மட்டும் இல்லை, பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி அதே பள்ளம். வாகையா, இல்லை, வாகை வேறு. வேம்பு, புங்கை, வாதா, எல்லாம் கூப்பிடாமல் வந்து நிற்கின்றன, வேண்டியவன் மட்டும் வரவில்லை. ரோட்டில் போகிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். காலையில் அடுப்படியில் டீத்தூள் கொதித்துப் பொங்க, கையை ஆட்டிக்கொண்டு, ஷெரின் அந்த, அந்த இது எடுடி, ஓட்டை ஓட்டையா, டீக்கு, என்று நின்றாளே, ஷெரின் ஒரு விநாடி பார்த்துவிட்டு, "வடிகட்டியாம்மா," என்று எடுத்து நீட்டினாள், அவ்வளவு மெதுவாக. அந்த மெதுவுதான் குத்தியது. வாய்க்கு வாய் பேசுகிற பெண், ஒரு வார்த்தை தடுமாறினால் மூன்று நாள் கேலி பண்ணுகிற பெண், "ஐயோ அம்மாவுக்கு வயசாயிடுச்சு," என்று ஏன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா? குறட்டை விட்டா மார்க்கு போயிரும்," என்று அடுத்த ஜமுக்காளத்திலிருந்து ஜரீனா கேட்டாள். அஃப்ரா என்கிற பெண்ணின் அம்மா, கால் ஒடிந்த கேஸ், ஒடிந்த காலைக் கால்மேல் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நான் குழப்பத்துல இருக்கேன், என்கிட்ட பேசக் கூடாது," என்றாள் ரெஜினா. "நீங்க பரவாயில்லக்கா. எனக்கு ஒடஞ்சது வலது காலா இடது காலான்னே மறந்துபோச்சு. அஃப்ரா வந்து எதைக் கட்டுறாளோ அதான் ஒடஞ்சது." மறந்துபோச்சு. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் எல்லோரும், ஊரில் எல்லோருக்கும் எதுவோ மறந்துபோகிறது, அடுப்பில் பால், பீரோ சாவி, சிரித்துக்கொண்டே மறக்கிறார்கள், அவர்களுக்குச் சாவி எங்கே என்றுதான் மறக்கும், சாவி என்றால் எதற்கு என்று மறக்காது. அந்தப் பக்கம் பாம்பு கடித்த அப்பா ஒருவர், கடிபட்ட கையாலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு, "லோடு வந்துருச்சா, இறக்கிட்டியா, அட நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்யா, அப்புறம் பேசு," என்று கத்த, சிறுபிள்ளைகள் சிரித்தன. ஜரீனா இன்னும் விடவில்லை. "ஆனா நியாயமா பாத்தா நான்தான்க்கா அந்தத் தலைக்காயம். சீட்டுக் குலுக்கினதுல அஃப்ராவுக்குத்தான் வந்துச்சு. உங்க ஷெரின்தான் வந்து கெஞ்சி மாத்திக்கிட்டா. எங்கம்மாவுக்கு இதான் வேணும்னு. கால் கட்டுறது ஈஸிக்கா, அதைப் போயி விட்டுக் குடுத்துருக்கா பாருங்க." எறும்பு காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்திருந்தது.

கேட்டு மாற்றிக்கொண்டாளாம். அப்படியானால் இந்த வாரம் முழுக்க அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, கழுத்து ஸ்கார்ஃபை முறுக்கிக்கொண்டு, மேடம் உங்க பேரென்ன, மேடம் இப்ப எங்க இருக்கீங்க, மேடம் இன்னிக்கு என்ன கிழமை, என்று கேட்டுக்கொண்டே இருந்தாளே, அது ஒத்திகை இல்லையா. தலையில் அடிபட்டவரிடம் முதலில் இந்த மூன்றும் கேட்க வேண்டும், புத்தகத்தில் இருக்கிறது என்றாள். ரெஜினாவும் வெங்காயம் நறுக்கியபடி, நான் இங்கிலாந்து ராணி, அரண்மனையில இருக்கேன், இன்னிக்கு உன் முதுகுல நாலு வைக்கிற கிழமை, என்று அடித்து விரட்டினாள். விரட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்த்திருப்பாளோ. பார்த்துத்தான் மறுநாளும் கேட்டாளோ. சின்னது, நேற்றுவரை மூக்கைத் துடைத்துவிட்டது, அம்மாவைப் பரீட்சை வைக்கிறதா. இல்லை, குழந்தைக்கு என்ன தெரியும், கஷ்டமான கேஸ் எடுத்தால் எக்ஸாமினர் மெச்சுவார் என்று எடுத்திருக்கும், பேராசை, என்னை மாதிரியே, எலக்யூஷன் போட்டியில் நீளமான பாட்டாகத் தேடி எடுத்து மேடை ஏறுவேனே, ஒரு வரி பிசகாது. ஒரு வரி பிசகாது. அந்தப் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். போன மாதம் பாலக்கரையில் சகாய மாதா கோயிலுக்கு எதிரே, கையில் காய்கறிப் பையோடு நின்றபோதும் இருந்தன. கோயில் இருந்தது, அந்தக் கோயிலில்தான் கல்யாணம், மாப்பிள்ளை சேவியரின் கோட்டு அன்றைக்குத் தோளில் தொங்கியது, அதெல்லாம் இருந்தது, வீட்டுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. ரோடு இருந்தது, ஆனால் யாரோ தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி ரோட்டைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரன், "எங்கம்மா போகணும்," என்றான், அவள் வாயைத் திறந்து, வெயிலில் நின்று, ஏன்யா அவசரம், யோசிக்க விடமாட்டியா என்று அவன்மேல் பாய்ந்தாள். பாய்ந்ததும் வழி வந்துவிட்டது. கோபப்பட்டால் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாள், சேவியரிடம் சொல்லவில்லை, அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து வந்தால் சாப்பாடு, நியூஸ், தூக்கம், இன்றைக்கும் ஓவர்டைம், சொன்னாலும், வெயில்ல சுத்தாத என்பார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும், அப்புறம் மம்மியின் நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான்.

மம்மி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். திருச்சியில் பாதிப் பேருடைய நம்பர் அவள் தலைக்குள், பேர் சொன்னால் நம்பர், நம்பர் சொன்னால் பேர், கடைக்குப் போனால் கடைக்காரரைப் பார்த்ததும் நம்பர்தான் முதலில் வரும் என்பாள். ஐம்பத்தைந்து வயசுக்குள் எல்லாம் போய்விட்டது, முதலில் நம்பர்கள், பிறகு பேர்கள், பிறகு தட்டில் இருப்பது சோறு என்பது. ஜன்னலோர நாற்காலியில் காதில் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, ரெஜினா உள்ளே வந்தால் நிமிர்ந்து, நம்பர் ப்ளீஸ் என்பாள், மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி. எத்தனை தடவ சொல்றது, நான் ரெஜினா, ரெஜினா, ஒரே கேள்விய எத்தனை தடவ கேப்ப. அந்தக் குரல், அது தன் குரல்தான், கான்வென்ட்டில் சாணை பிடித்த குரல், கத்திமுனை மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தெறிக்கும், மம்மி அதைக் கேட்டுச் சுருங்கி, ஸாரி, லைன் க்ளியர் இல்லை என்பாள். ஷெரினுக்கும் அதே குரல். பிறந்தபோதே வந்துவிட்டது, எல்லோரும் பெருமையாக, அப்படியே அம்மா மாதிரி பேச்சு என்பார்கள். அப்படியே அம்மா மாதிரி. கண்ணை மூடினால் கேட்கிறது, இன்னும் கொஞ்ச வருஷத்தில் வரப்போகிற ஒரு மத்தியானத்திலிருந்து, எத்தனை தடவ சொல்றது. இலை கூப்ப ஆரம்பித்துவிட்டது, ஒரு கிளை மட்டும், மணி நாலரை தாண்டியிருக்கும். இதன் பேர். இதன் பேர். வாயில் இருக்கிறது, அந்தக் காயின் பிசினாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விசில் சத்தம். காலடிகள். எக்ஸாமினர் மேடம் வேறு பள்ளியிலிருந்து வந்தவர், ஒல்லி, நரைத்த கொண்டை, நெஞ்சில் வரிசையாகப் பட்டையும் பதக்கமும், மிட்டாய்க் கடைக் கண்ணாடி அலமாரி மாதிரி, பின்னால் பிள்ளைகள் கூட்டம். பயப்பட என்ன இருக்கிறது, அட்டையே தப்பாகச் சொல் என்கிறது, இதைவிடப் பத்திரமான இடம் பூமியில் உண்டா, இன்றைக்கு ஒருநாள் என்ன உளறினாலும் கைதட்டுவார்கள். பேரா, ராணி என்றுவிடலாம். இடமா, கடற்கரை. கிழமையா, புதன். புதன் தப்பு, ஏனென்றால் இன்றைக்கு. இன்றைக்கு என்ன. பள்ளி லீவு, அதனால் சனி, இல்லை ஞாயிறு, ஞாயிறென்றால் காலையில் பூசைக்குப் போயிருப்போமே, போனோமா, வெள்ளைச் சேலை, அது போன வாரம், சேவியர் ஓவர்டைம், ஓவர்டைம் எந்தக் கிழமையும் வரும். தப்பாகச் சொல்வதென்றாலும் சரியானது ஒன்று கையில் இருக்க வேண்டும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டுதானே அந்தப் பக்கம் கால் வைக்க முடியும், புதன் என்று சொல்லி ஒருவேளை இன்றைக்குப் புதனாகவே இருந்துவிட்டால், எல்லோரும் என்ன இது சரியாகச் சொல்கிறாளே என்று பார்க்க, அவள் மட்டும் தப்பாகச் சொன்னதாக நினைத்துப் படுத்துக் கிடக்க. ஜமுக்காளத்துக்குக் கீழே மண் நழுவுகிற மாதிரி இருந்தது. ஜரீனாவிடம் கேட்டுவிடலாமா, சும்மா, விளையாட்டாக. அதற்குள் நீல யூனிஃபார்ம் முழங்காலிட்டது, சோப்பு வாடை, வேர்வை, ஷெரின்.

"ஹலோ மேடம். நான் முதலுதவி செய்ய வந்திருக்கேன். என் பேரு ஷெரின். பயப்படாதீங்க." பயப்படாதீங்களாம். நீங்களாம். வீட்டில் வாம்மா போம்மா என்கிற வாய், எங்கிருந்து இவ்வளவு மரியாதை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, மம்மி சொன்ன மாதிரி, எப்போதுமே இப்படித்தான் ஆகிவிடுமா, இரண்டு பேரில் யாராவது ஒருவருக்கு மற்றவர் அந்நியம். தலைக்கு இரண்டு பக்கமும் கையை வைத்து ஆடாமல் பிடித்தாள், சின்னக் கை, நகம் வளர்ந்து மருதாணி பாதிதான் மிச்சம். "உங்க பேரென்ன மேடம்?" ராணி என்றுதான் சொல்லப்போனாள். "விக்டோரியா," என்றது வாய். பிள்ளைகள் சிரித்தன, ராணி பேராயிற்றே, நன்றாகத்தான் இருந்தது, அது மம்மியின் பேர் என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தியின் விரல் காதோரம் லேசாக இறுகியது. "இப்ப எங்க இருக்கீங்க?" "எக்ஸ்சேஞ்ச்ல." சிரிப்பு. நிறுத்து, ரெஜினா, இது நீ எடுத்துவைத்த பதில் இல்லை. "இன்னிக்கு என்ன கிழமை மேடம்?" மேலே இலைகள். சாஸ் காய்ந்து நெற்றித் தோலை இழுத்தது. கிழமைகள் ஏழும் ஒரு கயிற்றில் காய்ந்த துணியாக ஆடின, எது தன்னுடையது என்று தெரியவில்லை, யாருடையதையாவது எடுத்துவிட்டால். "சொல்லுங்க மேடம். அவசரமில்ல." அவசரமில்லை என்கிறது. இந்த ஜென்மத்தில் இவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை அந்த வார்த்தையை. "தெரியல," என்றாள் ரெஜினா.

"பிரமாதம்," என்றார் எக்ஸாமினர் மேடம், கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா, பேஷன்ட்டு எவ்ளோ இயல்பா பண்றாங்க. தெரியலன்னு சொன்னா அதையும் குழப்பம்னு எடுத்துக்கணும். மேல கேளும்மா." புத்தகத்தில் மூன்று கேள்விதான், ரெஜினாவுக்குத் தெரியும், இனி கட்டுப்போட வேண்டியதுதான், முக்கோணத் துணியை உதறி விரித்தாயிற்று. ஷெரின் கட்டுப்போடவில்லை. குனிந்து, முகத்துக்கு நேராக, "உங்க கூட யார் வந்தாங்க மேடம்?" என்றாள். "என் மக." "அவ பேரு?" அட்டைப்படி வேறு ஏதாவது சொல்ல வேண்டும், ஸ்டெல்லா, மேரி, என்ன வேண்டுமானாலும், விளையாட்டுத்தானே, ஆனால் வேறு ஒரு பேரை ஒரு தடவை இந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு இருக்க வேண்டியதைத் தள்ளிவிட்டால். "ஷெரின்," என்றாள். "ஷெரின். ஷெரின் ஜெனிஃபர்." எக்ஸாமினர் மேடம் குனிந்து அட்டையைப் பார்த்தார். "அம்மா, நீங்க தப்பா சொல்லணும். குழப்பத்துல இருக்கீங்கல்ல?" வந்துவிட்டது கோபம், நல்ல வேளை, "குழப்பத்துல இருந்தா பெத்த பிள்ள பேரு மறந்துடுமா மேடம்? எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?" என்று படுத்தபடியே சீறினாள். "அதானே! தலையில அடிபட்டாலும் அக்காவுக்கு வாயில அடிபடல," என்றாள் ஜரீனா. எல்லோரும் சிரித்தார்கள். மறக்கும். ரெஜினாவுக்குத் தெரியும். நம்பர் ப்ளீஸ்.

துணி நெற்றியைச் சுற்றியது, பின்மண்டையில் முடிச்சு, இறுக்கமும் இல்லை தளர்ச்சியும் இல்லை. எக்ஸாமினர் மேடம் இரண்டு விரலை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார், பாஸ் என்றார், நோயாளிக்கும் சேர்த்து ஒரு க்ளாப் என்று விசிலை ஊதினார். இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கைதட்டத் தெரியாது, எல்லாம் தாளம், இரண்டாகத் தட்டி, மூன்றாகத் தட்டி, கடைசியில் எல்லாக் கையும் சேர்ந்து ஒரே ஓர் அறை. மைதானம் அதிர்ந்தது. இவ்வளவு நன்றாக நடித்ததற்கு. பிறகு கூட்டம் அடுத்த ஜமுக்காளத்துக்கு நகர்ந்தது, ஜரீனா, "ஐயோ என் காலு," என்று மைதானக் கோடி மாதா சிலைவரை கேட்கிற மாதிரி அலற ஆரம்பித்தாள். ஷெரின் மட்டும் போகவில்லை. நாடி பார்க்கப் பிடித்த மணிக்கட்டை விடவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. "அதான் முடிஞ்சுதே, போ, உன் ஃப்ரெண்டப் போயி பாரு," என்றாள் ரெஜினா. அவள் அசையவில்லை. மற்றொரு கையால் அம்மாவின் கன்னத்திலிருந்த எறும்பை நசுக்காமல் எடுத்துப் புல்லில் விட்டாள். மேலே அடுத்த கிளையும் கூப்பிக்கொண்டுவிட்டது, இலைக்கு இலை, பக்கத்துக் கிளைக்கும் பரவுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க மூடிவிடும், அதற்குப் பிறகு கேட்க முடியாது, கேட்கவும் தோன்றாது, கேட்டால் அந்தக் குரல் வரும், தன் குரல், எத்தனை தடவ, வரட்டும்.

"ஷெரின்." "ம்." "இது என்ன மரம்டி."

ஷெரின் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று ரெஜினா பற்களைக் கடித்துக்கொண்டாள். "தூங்குமூஞ்சிம்மா," என்றாள் ஷெரின், வடிகட்டியை நீட்டிய அதே குரலில், மேடம் இல்லை, நீங்க இல்லை. தூங்குமூஞ்சி. அதுவேதான், வேறு எதுவாக இருக்க முடியும், கையில் வைத்தாற்போல இருந்தது, எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியவில்லை, ரெஜினா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எப்போலேருந்தும்மா?" என்று ஷெரின் கேட்டாள். தவறான பதில் சொல்லவும் என்கிற அட்டை இன்னும் நெஞ்சில் கிடந்தது. ரெஜினா அவள் பிடிக்காத கையைக் கொண்டுவந்து, தடவிப் பார்த்து, ஊக்கைக் கழற்றினாள்.